கழுத்துவலிக்கு சலூன்ல சுளுக்கெடுக்கலாமா?

கேள்வி: பையன் நீட் ரிப்பீட்டர். தினம் பத்து மணி நேரம் தரையில சம்மணம் போட்டு மடியில புக்க வச்சுதான் படிக்கிறான். ரெண்டு மாசமா பிடரியிலயும் தோள்பட்டையிலயும் வலி. நிமிந்து உக்காருடான்னா கேக்க மாட்டேங்கறான். கழுத்துப்பட்டை போடலாமா, இல்ல அவங்க அப்பா சொல்ற மாதிரி சலூன்ல சுளுக்கெடுத்தா சரியாயிடுமா?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: சலூன் பக்கமே போகாதீங்கம்மா. மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் கழுத்தெலும்பு ஓட்டைக்குள்ள நுழைஞ்சுதான் மேல ஏறுது, படக்குன்னு திருப்பி நெட்டி முறிக்கறப்ப அது கிழிஞ்சு பக்கவாதம் வந்த கேஸ் உண்டு, அபூர்வம்தான், ஆனா நம்ம பையனா இருக்கக் கூடாதில்ல. பட்டையும் வேணாம், இருக்கற தசையும் சோம்பேறியாயிடும்.

அப்புறம் அவன திட்டாதீங்க. நிமிந்து உக்காருன்னா யாரா இருந்தாலும் ரெண்டு நிமிஷம் விறைப்பா உக்காருவாங்க, மூணாவது நிமிஷம் பழையபடி கூன் விழும், ஏன்னா அங்க புடிச்சு வைக்கற தசைக்கு தெம்பில்ல. தலை கிட்டத்தட்ட 5 கிலோ. இடுப்புல வச்ச குடத்தையும் கைய நீட்டிப் புடிச்ச குடத்தையும் நெனச்சுப் பாருங்க, தலை முன்னால தொங்கத் தொங்க பின்கழுத்து அப்படித்தான் தவிக்கும். (தலை 60 டிகிரி குனிஞ்சா கழுத்துல 27 கிலோ பாரம்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அது 2014ல ஒரு அமெரிக்க சர்ஜன் கம்ப்யூட்டர் மாடல் வச்சு போட்ட கணக்கு, பயந்துக்க வேணாம்.)

சுவத்துல முதுகு சாச்சு நிக்கச் சொல்லுங்க. குனியாம, அண்ணாக்காம, தாடைய மட்டும் உள்ள இழுக்கணும், தாடைக்குக் கீழ மடிப்பு விழுந்தா சரியா பண்றான்னு அர்த்தம். 5 செகண்ட் புடிச்சு 10 தடவை. அடுத்து நிலைக்கால்ல முன்கைய ஊணி ஒரு கால முன்ன வச்சா நெஞ்சு இழுபடும், 30 செகண்ட், மூணு தடவை. இதவிட முக்கியம், உடற்பயிற்சி ரப்பர் பட்டைய ஜன்னல் கம்பியில மாட்டி முழங்கைய பின்னால இழுக்கறது, 10 தடவை வீதம் 3 செட், வாரம் 3 நாள். ஒரே வாரத்துல ஒண்ணும் தெரியாது, ஆறு எட்டு வாரம் ஆகும், எல்லாரும் இங்கதான் விட்டுடறாங்க. பிசியோதெரபி கிளினிக்ல வலிக்கு கரண்ட் வைக்கறது அன்னைக்கு எதமா இருக்கும், அதோட சரி, பயிற்சியே சொல்லித் தராம பத்து நாள் கரண்ட் மட்டும் வச்சு அனுப்பினா காசு தண்டம்.

புக்கு மடியில வேணாம், சின்ன சாய்வு மேசை போதும். எவ்ளோ நேரா உக்காந்தாலும் அசையாம கெடந்தா வலிக்கத்தான் செய்யும், அதனால தண்ணி பாட்டில அவன் பக்கத்துல வைக்காதீங்க, சமையக்கட்டுல வச்சு சின்ன டம்ளர் குடுங்க, தாகம் எடுக்கறப்பல்லாம் எந்திரிச்சு வரட்டும்.

கை மரத்துப் போறது, விரல்ல சுருசுருன்னு ஓடறது, சட்டை பட்டன் போட முடியாம தடுமாறறது, காய்ச்சலோட வலி, ராத்திரி தூக்கத்துலருந்து எழுப்பற வலி, இதுல ஒண்ணு இருந்தாலும் பயிற்சிய நிறுத்திட்டு முதல்ல எலும்பு டாக்டர பாருங்க.