தேயிலைப் புகை கசக்கிறதா?

கேள்வி: இரும்புக் கடாயில் அரிசி, சர்க்கரை, டீத்தூள் போட்டு, மேலே கம்பி வலை வைத்து, முழுக்கோழிக்கு முக்கால் மணி நேரம் புகை காட்டினேன். நிறம் பிரமாதம். வாயில் வைத்தால் ஒரே கசப்பு. அடுத்த முறை டீத்தூளுக்குப் பதில் காப்பித்தூள் போட்டுப் பார்க்கவா?

பதில்: வேண்டாம், இதைவிட மோசமாகக் கசக்கும். காப்பிக்கொட்டை ஏற்கெனவே கறுக்க வறுபட்டது. அதை மறுபடி கருக்கினால் சாம்பல் வாடைதான் மிஞ்சும். தேயிலையைப் புகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், காப்பியைக் கறிமேல் பூசுங்கள்.

வினையே அந்த முக்கால் மணி நேரம்தான். புகையிலேயே கோழியை வேகவைக்கப் பார்த்திருக்கிறீர்கள். சீனாவின் சிச்சுவான் பகுதியில் ‘ஜாங்சா’ வாத்து என்று ஒன்று பேர்போனது. மசாலாவில் ஊறிய வாத்துக்குத் தேயிலையும் கற்பூர மர இலையும் போட்டுப் புகை காட்டுவார்கள். அப்புறம் ஆவியில் வேகவைத்து, கடைசியில் எண்ணெயில் பொரிப்பார்கள். புகை அங்கே மணத்துக்கு மட்டும். (கற்பூர மரம் என்றதும் பூஜை அலமாரியைத் திறந்துவிடாதீர்கள். அந்தக் கற்பூரம் விஷம், அடுப்படிப் பக்கமே வரக்கூடாது.)

வீட்டில் நான் வரிசையை மாற்றிக்கொள்வேன். முதலில் இட்லிப் பானை ஆவியில் கோழி முழுசாக வேகட்டும். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். பிறகு துணியால் ஒற்றியெடுத்து, தோல் காயும்வரை ஃபேனுக்கடியில் வையுங்கள். ஈரம் சொட்டும் தோலில் புகை தாராகப் படிந்து கசக்கும்.

கடாயில் அலுமினியத் தாள் விரித்து, அரை கப் அரிசி, கால் கப் நாட்டுச் சர்க்கரை, கால் கப் தேயிலை போடுங்கள். தேயிலை சுருள் சுருளான இலையாக இருக்கட்டும். டஸ்ட் டீ சட்டென்று கருகிவிடும். அரிசி மெல்லக் கருகிப் புகையை நீட்டிக்கும். நீங்கள் மெச்சிய அந்த நிறம் சர்க்கரை கொடுத்தது. புகை எழுந்ததும், தேயிலைக்கு மூன்று விரல் உயரத்தில் வலையை வைத்து, கோழியை ஏற்றி மூடுங்கள். மூடி விளிம்பைச் சுற்றி ஈரத்துணி. மிதமான தீயில் 10 நிமிடம், அணைத்துவிட்டுத் திறக்காமல் இன்னொரு 10 நிமிடம். இடுக்கில் கசியும் புகை வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாறினால் நேரம் பார்க்காமல் அணைத்துவிடுங்கள். கசப்பு தொடங்குவது அங்கேதான். ஜன்னல் திறந்திருக்கட்டும், நான்ஸ்டிக் சட்டி மட்டும் கூடவே கூடாது.

காப்பிக்குக் கோழி சரிப்படாது, மணம் அமுக்கிவிடும். கொழுப்புள்ள மாட்டிறைச்சியோ ஆட்டு விலாவோ எடுங்கள். வறுத்த காப்பியின் மணமும் சுட்ட கறியின் மணமும் பிறப்பது ஒரே மாதிரி வேதிவினையில். அதனால்தான் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அமெரிக்காவில் மாட்டு நெஞ்சுக்கறியை மணிக்கணக்கில் விறகுப் புகையில் வைப்பவர்களில் சிலர் உப்பு, மிளகோடு காப்பித்தூளும் பூசுவார்கள். நம் அடுப்புக்கு இப்படி: ஒரு கிலோ ஆட்டு விலாவை உப்பிட்டுக் குக்கரில் வேகவைத்து, ஈரம் போக ஆறவிட்டு, காப்பித்தூள், மிளகுத்தூள், நாட்டுச் சர்க்கரை ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கரண்டி கலந்து தேய்த்து, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அதே தேயிலைப் புகை 10 நிமிடம், பிறகு தோசைக்கல்லில் நன்றாகச் சூடேறப் புரட்டல். சிக்கரி கலக்காத தூளாகக் கேட்டு வாங்குங்கள்.

டிகாக்ஷன் இறக்கிய சக்கை ஆகுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அதன் சாரமெல்லாம் காலையிலேயே டம்ளருக்குப் போய்விட்டது. ரோஜாச் செடிக்குப் போடுங்கள்.