டார்க் சாக்லேட்: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, ப்ரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். துபாயிலிருந்து வந்த மகன், "பால் சாக்லேட்டை விடுங்கம்மா, டார்க்தான் இதயத்துக்கு நல்லது" என்று ஒரு பெட்டி நிறையக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தினமும் எவ்வளவு சாப்பிடலாம்? இரண்டு பாரின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பூசணமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மகன் சொன்னதில் பாதி சரி. பால் சாக்லேட்டுக்குப் பதிலாக என்றால் டார்க் நல்லதுதான். இதுவரை சாக்லேட்டே தொடாதவர், இதயத்துக்காக என்று புதிதாக ஆரம்பிக்கத் தேவையில்லை.

பெரிய வித்தியாசம் சர்க்கரையில். பால் சாக்லேட்டின் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. 40 கிராம் பார் ஒன்றை முடித்தால் 20 கிராம், அதாவது நாலு ஸ்பூன் சீனி உள்ளே போகிறது. 70 சதவீத டார்க்கில் கோகோ போக மிச்சம் 30 சதவீதம், அது பெரும்பாலும் சர்க்கரைதான். அதே 40 கிராமுக்கு 12 கிராம் வரும். குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. கலோரியில் டார்க் ஒரு படி மேலேயே நிற்கும்: 100 கிராமுக்கு 600 பக்கம். கோகோ விதையின் கொழுப்பான கோகோ வெண்ணெய் செய்கிற வேலை.

சரி, இதயம்? கோகோ விதையில் ஃப்ளேவனால் என்ற பொருள் இருக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க உதவி, குழாயைத் தளரவைக்கும். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பாய்வில், ஃப்ளேவனால் நிறைந்த கோகோவால் ரத்த அழுத்தம் சராசரியாக 2 புள்ளிக்கும் குறைவாகத்தான் இறங்கியது. மாத்திரையில் கைவைத்துவிடாதீர்கள்.

சர்க்கரை நோய் விஷயத்தில் 2024 டிசம்பரில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. வாரம் 5 முறையாவது டார்க் சாக்லேட் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 21 சதவீதம் குறைவாக இருந்தது. பால் சாக்லேட்டில் அந்தப் பலன் இல்லை, எடைதான் கூடியது. இது பல வருடம் மக்களைக் கவனித்துப் போட்ட கணக்கு. சாக்லேட் கொடுத்துச் சோதித்தது அல்ல. டார்க் விரும்புகிறவர்கள் பொதுவாகவே வாயைக் கட்டுகிறவர்களாக இருக்கலாமே!

இனி அந்தப் பெட்டியை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் இருக்கும். 'டார்க்' என்று முன்னால் தங்க எழுத்தில் போட்டுவிட்டு, பின்னால் முதல் பெயராகச் சர்க்கரை இருந்தால் அதைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு இருந்தால் அது 'காம்பவுண்ட்', அசல் சாக்லேட் அல்ல. 500, 501 போன்ற எண்கள் தெரிந்தால், கோகோவைப் பெரும்பாலும் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கசப்பு குறையும், நிறம் கறுக்கும், ஃப்ளேவனாலும் கணிசமாகப் போய்விடும். அதனால் கறுப்பாக இருப்பதெல்லாம் சத்தானது என்று நம்ப வேண்டாம்.

அளவு: 70 சதவீதத்துக்கு மேல் உள்ளதில் 10 கிராம், அதாவது சின்னதாக இரண்டு கட்டம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்று கிராம் சர்க்கரைதான் வரும். அதையும் மாலை பிஸ்கட்டுக்குப் பதிலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரையவிட்டால் இரண்டு கட்டமே போதும் என்று தோன்றும். கசப்பு இந்த விஷயத்தில் நமக்குத் துணை. சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் கோகோவில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் முழு பார் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 28 டார்க் பார்களைச் சோதித்தபோது, 23இல் ஈயமோ காட்மியமோ (இரண்டும் நச்சு உலோகங்கள்) கவலைப்படும் அளவில் இருந்தது. காட்மியம் மண்ணிலிருந்து விதைக்குள் ஏறுகிறது. ஈயம் பெரும்பாலும் விதையைக் காயவைக்கும்போது தூசியோடு ஒட்டுகிறது. கோகோ கூடக் கூட இதுவும் கூடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம்.

அப்புறம் அந்த வெள்ளைப் படிவு. மதுரை வெயிலில் இளகி மறுபடி இறுகும்போது கோகோ வெண்ணெய் மேலே வந்து படிந்திருக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள், உருகி மறைந்தால் கொழுப்புதான்; தாராளமாகச் சாப்பிடலாம், வழவழப்பு மட்டும் போயிருக்கும். பஞ்சு மாதிரி இருந்தாலோ சிக்கு வாடை வந்தாலோ தூக்கிப் போடுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், மீன் குழம்பு பக்கத்தில் மட்டும் வேண்டாம்.