வீட்டை அடமானம் வைப்பதற்கு முன் அந்தத் தாளைப் பாருங்கள்

போன வாரம் ஒரு தாயும் தந்தையும் மகளின் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு அவளோடு வந்திருந்தார்கள். உயிரியலில் நல்ல மதிப்பெண். ஆகவே மருத்துவம்தான் என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டாராம். வீட்டை அடமானம் வைத்தாவது சேர்த்துவிட வேண்டுமாம். தாயின் கண் கலங்கியிருந்தது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் என் மேசைத் தாளில் வரைந்துகொண்டிருந்தது கண்ணில் பட்டது.

இரண்டு குட்டைக் கோடுகள். கீழே, இரண்டும் முனையோடு முனை ஒட்டிய ஒரு நீளக் கோடு. ஒட்டிய இடத்தில் சிவப்புப் புள்ளி. செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் சிம்பன்சிக்கு 48, நமக்கு 46. ஒரு ஜோடி எங்கே போனது என்பதற்கு அவள் வரைந்த விடை அது. "முனையில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் என்ற காப்புத் துண்டு நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில் கிடக்கிறது. அப்படியென்றால் இரண்டு ஒட்டியிருக்கின்றன என்றுதானே பொருள்?" என்றாள். பாடத்துக்காகப் படித்ததல்ல, தானாகத் தேடிப் படித்தது.

அம்மா, ஐயா, இந்தப் பெண்ணை மருத்துவத்தில் தள்ளாதீர்கள். மருத்துவமனை வேலை பிடிக்கவில்லை என்று அவள் என் முன்னாலேயே மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நீங்கள் இருவரும் பேச்சை மாற்றினீர்கள்.

அவள் கை வைத்திருப்பது ஒப்பீட்டு மரபணுத்தொகுதியியல், அதாவது பல உயிரினங்களின் முழு டி.என்.ஏ.வையும் ஒப்பிடும் துறை. உயிரினங்களின் உறவுமுறையை டி.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிட்டுக் கணிப்பது பழகிய வழி. ஆனால் எழுத்துகள் நான்கே. கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒரே மாற்றம் இரண்டு கிளைகளில் தனித்தனியாக நேர்ந்து ஆளை ஏமாற்றும். மரபணுக்கள் எந்தக் குரோமோசோமில் எந்த வரிசையில் அமர்ந்திருக்கின்றன என்ற அமைப்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. சிவப்புச் சீட்டுக்கட்டையும் நீலக் கட்டையும் சேர்த்துக் குலுக்கிவிட்டால், மேலும் குலுக்கி அவற்றைப் பிரிக்க முடியுமா? இரண்டு குரோமோசோம்கள் இணைந்து, மரபணுக்கள் கலந்துவிட்டாலும் அதே கதைதான்.

1930களிலேயே மரபியலாளர்கள் ஸ்டர்டெவண்ட்டும் டோப்ஜான்ஸ்கியும் பழ ஈக்களின் குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய துண்டுகளை வைத்து வம்சாவளி வரைந்தார்கள். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீப்பு ஜெல்லிகள் என்ற கடல் விலங்குகளிலும் விலங்குகளின் ஒற்றைச் செல் உறவினர்களிலும் தனித்தனியாக இருக்கும் மரபணுக் கூட்டங்கள், கடற்பஞ்சு உட்பட மற்ற விலங்குகளில் இணைந்து கலந்திருப்பதைக் காட்டியது. கலந்தது மீண்டும் பிரியாது என்பதால், அந்தக் கலப்பு நேரும் முன்பே சீப்பு ஜெல்லி பிரிந்திருக்க வேண்டும்; அப்படியானால் விலங்குகளின் வம்சாவளி மரத்தில் முதலில் பிரிந்த கிளை அதுதான். விவாதம் இன்னும் ஓயவில்லை. உங்கள் மகளுக்கு அங்கே வேலை மிச்சமிருக்கிறது.

வழி நீளமானது, மறைக்க மாட்டேன். ஆராய்ச்சியாளராக முனைவர் பட்டம் வரை போக வேண்டும். ஆனால் இடையிலேயே பயிர் மேம்பாடு, நோய்க்கிருமிக் கண்காணிப்பு, மருந்து ஆராய்ச்சி ஆகியவற்றில் இதே திறமைக்கு இடம் உண்டு. இளநிலையில் சாதாரண உயிரியல் பட்டம் போதும். கூடவே புள்ளியியலும் நிரலெழுதுதலும் உறுதியாக வேண்டும். பகட்டான பெயர் வைத்துப் பெருங்கட்டணம் கேட்கும் படிப்பில் சேர்க்காதீர்கள். உதவித்தொகை இல்லாத முனைவர் இடத்தை ஏற்காதீர்கள். வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். ஆயிரக்கணக்கான உயிரினங்களின் மரபணுத்தொகுதிகள் பொதுத் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறிய ஒப்பீடுகளுக்குச் சாதாரணக் கணினி போதும். இந்த விடுமுறையிலேயே அவள் தொடங்கலாம்.

அடுத்த முறை பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள். தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தச் சிவப்புப் புள்ளி என்னவென்று அவளே அவருக்குச் சொல்லட்டும்.