திட்டம் முடிந்தால் மகளின் வேலையும் முடிந்துவிடுமா?

அக்கா, மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிக்கக் கிடைத்திருக்கிறது என்று சொல்லும்போதே உங்கள் குரல் இறங்கிவிட்டது. வெளிநாட்டுக் காசில் ஓடுகிற துறை, காசு நின்றால் பிள்ளை வீட்டில்தானே இருப்பாள் என்று கேட்டீர்கள். அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வெளிநாட்டு உதவி எப்படி வந்து போகிறது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978இலிருந்து 1980க்குள் மூன்று தடவை இலங்கைக் கடலுக்கு வந்து, ஒலி அலை அனுப்பியும் வலை இழுத்தும் எங்கே எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணக்கெடுத்தது. அப்போது நாரா என்கிற அரசாங்க நீர்வள ஆராய்ச்சி நிறுவனமே எங்களிடம் இல்லை, அதற்கான சட்டம் 1981இல்தான் வந்தது. பிறகு அதே பெயரில் ஒரு புதுக் கப்பல் 2018 ஜூனில் வந்தது. இடையில் 38 வருஷம்! இந்த முறை நாராவின் ஆய்வாளர்களும் ஏறி வேலை செய்தார்கள். கப்பல் சில கிழமைகளில் போய்விட்டது, ஆனால் அது விட்டுப்போன மாதிரிகளையும் எண்களையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மண்டையை உடைக்க வேண்டியவர்கள் இங்கே இருப்பவர்கள்தான். உங்கள் மகள் போகப்போகிற இடம் அது. உதவிக் காசு கப்பலும் கருவியும் பயிற்சியும் தரும், வருஷா வருஷம் துறைமுகத்தில் நின்று மீனை அளக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது எங்கள் அரசாங்கம்.

அதனால் வேலை வரும்போது ஒன்றைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்: இது நிரந்தர ஆளணியில் உள்ள பதவியா, இல்லை திட்டம் முடியும் வரைக்குமான ஒப்பந்தமா? ஒப்பந்தம் என்றாலும் முதல் இரண்டு வருஷத்துக்கு நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கையில் ஒரு திறமை ஏறும் என்றால். வெறும் கூட்ட ஏற்பாடும் அறிக்கை தட்டச்சும் என்றால் வேண்டாம்.

இந்த எண்ணும் கணக்கும் யாருக்கு வேண்டும் என்று நினைக்காதீர்கள். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது, ஆழ்கடலில் நடந்த சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்பதற்காக. தடை நீங்க 2016 ஜூன் ஆனது. எந்தப் படகு எங்கே என்ன பிடித்தது என்று சரியாகக் காட்ட ஆள் இல்லாத நாட்டின் மீனவருக்குத்தான் அந்த அடி விழும்.

சரி, மகள் என்ன செய்ய வேண்டும்? புள்ளிவிபரவியல். உயிரியல் பிள்ளைகள் கணக்கைக் கண்டு ஓடுவார்கள், இவள் ஓடக்கூடாது. புள்ளிவிபரக் கணக்குப் போடுகிற ஆர் (R) மென்பொருள் இலவசம், முதல் வருஷமே தொடங்கலாம். மீன் இருப்பை மதிப்பிடத் தெரிந்தவர்கள் எங்களிடம் மிகக் குறைவு. சிங்களமும் பழக வேண்டும், நாராவின் தலைமையகம் கொழும்பு மட்டக்குளியில். அப்புறம், ஐஸ்லாந்தில் 1998 முதல் நடக்கிற ஆறு மாத மீன்வளப் பயிற்சிக்கு இலங்கையரும் போயிருக்கிறார்கள், செலவெல்லாம் அவர்களே பார்ப்பார்கள். அதற்கு வேலை செய்கிற நிறுவனம்தான் பரிந்துரைக்க வேண்டும், ஆகவே முதலில் இங்கே ஒரு இடத்தில் கால் ஊன்ற வேண்டும்.

இறால், கடலட்டை வளர்ப்பிலும் குஞ்சு பொரிப்பகங்களிலும் வேலை இருக்கிறது, அதை நேரில் பேசலாம். பதிவுக்கு முன் ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளுக்குக் கடல் பிடிக்குமா என்று நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.