காசு போட்டுக் கழுவும் கார் கழுவகத்தில் வெந்நீர்: கேள்வி பதில்

வாடிக்கையாளரே காசு போட்டுத் தன் காரைக் கழுவிக்கொள்ளும் நிலையங்கள் கனடாவில் நிறைய உண்டு. அவற்றின் பம்புகளையும் வாட்டர் ஹீட்டர்களையும் பராமரிப்பது என் தொழில். வெந்நீர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கடன், உரிமம், இடம் பிடிப்பது ஆகியவை என் துறை அல்ல.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணா, கார் கழுவும் கூடங்கள் நான்கு உள்ள நிலையத்தை எடுத்து நடத்தப் போகிறேன். வெந்நீரை எத்தனை டிகிரியில் வைப்பது?

பதில்: ஓர் எண் போதாது தம்பி, இரண்டு வேண்டும். தொட்டியில் 60 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து ஸ்பிரே கன்னுக்குப் போகும் வழியில், வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலக்கும் கலவை வால்வு வைத்து 40 முதல் 45 வரை.

தொட்டியில் ஏன் 60? லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் செழித்து வளரும், 60இல் செத்துவிடும். கழுவும் கூடத்தில் தண்ணீர் பனித்துளியாகப் பறக்கிறது. அதை மனிதர்கள் மூச்சில் இழுக்கிறார்கள். இந்தப் பாக்டீரியா தரும் நிமோனியா அப்படித்தான் வருகிறது. வால்வுக்குப் பிந்தைய குழாயில் தண்ணீர் 45க்குள் இருப்பதால், அது குட்டையாக இருக்கட்டும். பயன்படாத கிளைக் குழாய் இருந்தால் வெட்டி அடைத்துவிடுங்கள்.

கன்னில் ஏன் 60 கூடாது? அந்தச் சூட்டுத் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். கன்னைப் பிடிப்பவர் பயிற்சி பெற்ற ஊழியர் அல்லர். அப்பாவோடு வந்த பத்து வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

செலவும் உண்டு. நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடும் கன்னுக்குக் குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் தண்ணீரை 60க்கு ஏற்ற சுமார் 46 கிலோவாட் வேண்டும். 42 டிகிரியில் விட்டால் 31 போதும். தொட்டி 60இல் இருந்தாலும், பச்சைத் தண்ணீரைக் கலந்து 42இல் வெளியே விட்டால் அந்த 31க்குத்தான் எரிவாயு எரியும்.

கேள்வி (பிராம்டன்): 80 வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு வேகமாகப் போகாதா?

பதில்: பம்ப்தான் வேகமாகப் போகும். சாதாரண ரப்பர் சீல்கள் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. மேலும், தண்ணீரின் ஆவியழுத்தம், அதாவது அது ஆவியாக மாற முனையும் அழுத்தம், 20 டிகிரியில் சுமார் 2.3 கிலோபாஸ்கல், 60இல் 20, 80இல் 47. சூடான தண்ணீரைப் பம்ப் உறிஞ்சும்போது உள்ளேயே குமிழிகள் உண்டாகி வெடித்து உலோகத்தை அரிக்கும்.

தொழிற்சாலைகளில் 80 டிகிரிக்கு மேல் அடிக்கும் இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். 1950இல் ஜெர்மனியின் கேர்ஷர் நிறுவனம் கொண்டுவந்த வெந்நீர் உயரழுத்த இயந்திரத்தின் வழி வந்தவை அவை. அவற்றில் பச்சைத் தண்ணீர் முதலில் பம்பைக் கடந்து, அதன் பிறகே சுருள் குழாயில் சூடாகிறது. உங்கள் நிலையத்தில் தொட்டி வெந்நீரே பம்புக்குள் போகிறது.

பிசுக்கைக் கரைப்பது சவர்க்காரமும் நேரமும். லித்தியம் கிரீஸ் உருகிச் சொட்ட 180 டிகிரிக்கு மேல் வேண்டும். எந்த வெந்நீராலும் அது முடியாது. கழுவும் முன் அடிக்கும் சவர்க்கார நுரையை (முன்நனைப்பு நுரை) அடித்து, ஓரிரு நிமிடம் காயாமல் ஊறவிடுங்கள்.

கேள்வி (மொன்றியல்): குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் போடும் உப்பு வெந்நீரில்தானே நன்றாகக் கரையும்?

பதில்: இல்லை. நூறு மில்லி தண்ணீரில் சாதாரண உப்பு 0 டிகிரியில் சுமார் 35.7 கிராம் கரையும். கொதிநிலையில் 39 கிராம். வேறுபாடு அவ்வளவுதான்.

அவரே மீண்டும்: ஏட்டுக் கணக்கு வேண்டாம் ஐயா. வெந்நீர் பட்டவுடன் வெள்ளைப் படலம் போவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

பதில்: நீங்கள் பார்த்தது உண்மை. கரையும் அளவு கூடவில்லை, வேகம் கூடுகிறது. உப்பைப் பிடித்து வைத்திருக்கும் பனிக்கட்டியும் உருகுகிறது. ஆனால் காரைத் தின்னும் உப்பு கதவில் தெரியும் வெள்ளைப் படலம் அல்ல. அது சக்கர வளைவின் மடிப்பிலும் அடித்தகட்டின் இடுக்கிலும் இருக்கிறது. அங்கே வேண்டியது நிறையத் தண்ணீரும் சரியான கோணமும். ஐந்து நிமிடக் காசில் நான்கு நிமிடத்தைப் பளபளக்கும் பக்கங்களுக்கே செலவிட்டுவிட்டு, அடிப்பாகத்தை மறந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி (ஒட்டாவா): அவருக்குச் சொன்னதைப் படித்தேன். வெந்நீரில் கழுவினால்தான் துரு கூடும் என்கிறார் என் மெக்கானிக்.

பதில்: பாதி சரி. சூட்டில் துருப்பிடிக்கும் வேகம் கூடும். ஆனால் குற்றவாளி வெந்நீர் அல்ல, கழுவாமல் விட்ட உப்பு. கால்சியம் குளோரைடு என்ற இன்னொரு வகை உப்பைத் தெளித்த சாலைகளில் இது இன்னும் மோசம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நனைந்தபடியே இருக்கும். அரைகுறையாகக் கழுவி, கதகதப்பான கராஜில் நிறுத்துவதுதான் துருவுக்கு விருந்து.

கேள்வி (எட்மன்டன்): மைனஸ் 20இல் முன்கண்ணாடி வெடிக்குமா?

பதில்: ஏற்கெனவே கல் பட்டுக் கீறல் இருந்தால் வெடிக்கலாம். கீழ்ப்பகுதியில் தொடங்கிக் கண்ணாடிக்குக் கடைசியில் வாருங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): வாட்டர் சர்வீஸ் நிலையம் வைத்திருக்கிறேன். சோலார் வெந்நீர் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் தொட்டித் தண்ணீரே 28 டிகிரி இருக்கும். வெயிலில் நின்று வந்த கார் அதைவிடச் சூடு. உங்கள் சிக்கல் நுரை காய்ந்து திட்டாவது. அந்தப் பணத்தில் நிழற்கூரை போடுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் வையுங்கள். ஆர்ஓ சவ்வுகளுக்குப் பொதுவாக 45 டிகிரிதான் எல்லை. மே மாதத்தில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டி அதை நெருங்கிவிடும், கவனம். அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடுகின்றன.

கேள்வி (மார்க்கம்): எத்தனை டிகிரி வைப்பது நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஏஜாக்ஸ்): எரிவாயுச் செலவு தாங்கவில்லை. தொட்டியையே 45இல் வைத்தால் என்ன?

பதில்: கூடாது. மேலே சொன்ன பாக்டீரியாவுக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுக்கிறீர்கள். சேமிக்க வேண்டுமானால் குழாய்களுக்கு உறை போடுங்கள். நுரைக்கும் சவர்க்காரத்துக்கும் மட்டும் வெந்நீர் கொடுத்து, அலசலைப் பச்சைத் தண்ணீரில் முடியுங்கள்.

கேள்வி (விண்ட்சர்): வெந்நீர் பெயின்ட்டையும் மெழுகையும் கெடுக்குமா?

பதில்: 45 டிகிரி கெடுக்காது. கார்னோபா மெழுகு உருகவே 80க்கு மேல் வேண்டும்.

கேள்வி (ஹாமில்டன்): ஹீட்டர் கடகடவென்று சத்தம் போடுகிறது.

பதில்: அடியில் சுண்ணாம்புப் படிவு. சூடு ஏற ஏற அது கூடுதலாகப் படியும். ஹீட்டருக்கு முன்னால் நீர் மென்மையாக்கி வையுங்கள். தொட்டியை வடித்து அலசச் சொல்லுங்கள்.

கேள்வி (மில்டன்): 50 வைக்கலாமா? 55?

பதில்: எங்கே, தொட்டியிலா கன்னிலா? இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். தொட்டி 60, கன் 45க்குள்.

கேள்வி (பிக்கரிங்): சூட்டை எங்கே அளப்பது?

பதில்: தொட்டியின் வெளிவாயில் ஒன்று, கலவை வால்வுக்குப் பின்னால் ஒன்று, கன்னிலிருந்து வாளியில் பிடித்து ஒன்று. காலையில் திறப்பதற்கு முன் மூன்றையும் குறித்து வையுங்கள். வாளியில் 45ஐத் தாண்டியிருந்தால், வால்வைச் சரிசெய்யும் வரை அந்தக் கூடத்தைத் திறக்க வேண்டாம்.