தினமும் கடவுளைத் துதித்து நன்றி சொல்வதை எப்படிப் பழக்கமாக்கிக்கொள்வது?

கேள்வி கேட்டவர், "நாலு நாள் ஒழுங்காகச் செய்கிறேன், அப்புறம் விட்டுப்போகிறது. செய்கிற நாளிலும் அதே வார்த்தைகள்தான் வாயில் வருகின்றன" என்கிறார். இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். கிறிஸ்தவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேறு விதமாகக் கடவுளைக் கும்பிடுகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

விட்டுப்போவதற்குப் பெரிய காரணம், "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்துக்கொள்வது. நேரம் கிடைக்கவே கிடைக்காது. பைபிளில் வரும் தானியேலைப் பாருங்கள், அந்நிய ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த யூதர். மேலறை, எருசலேம் பக்கம் திறந்த ஜன்னல், முழங்கால், நாளுக்கு மூன்று வேளை. ராஜாவைத் தவிர யாரிடமும் 30 நாளுக்கு விண்ணப்பம் செய்யக் கூடாது, மீறினால் சிங்கக்கெபியில் (சிங்கங்கள் அடைத்த குகையில்) போடுவோம் என்று சட்டம் வருகிறது. அது தெரிந்தும் அவர் வீட்டுக்குப் போய், எப்போதும் செய்வதுபோலவே முழங்காற்படியிட்டு ஸ்தோத்திரம் செலுத்துகிறார் (தானியேல் 6:10). இதைத் தைரியத்தின் கதையாகத்தான் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எனக்கு அதில் பழக்கத்தின் பலம்தான் அதிகம் தெரிகிறது. இடமும் நேரமும் ஏற்கெனவே முடிவாகியிருந்ததால், செய்யலாமா வேண்டாமா என்று அன்றைக்கு அவர் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நமக்கு மேலறை வேண்டாம். எப்படியும் தினமும் செய்கிற ஒரு வேலையோடு ஒட்டவைத்தால் போதும். நான் காலையில் போர்வையை மடித்து, படுக்கையைச் சரிசெய்யும்போது சொல்கிறேன். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் போனை எடுக்க முடியாது, அதுவே பெரிய லாபம். ராத்திரி படுத்த பிறகு என்று வைத்தால், என்னைப் போன்றவர்களுக்குப் பாதி ஸ்தோத்திரத்திலேயே தூக்கம் வந்துவிடும்.

21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற அன்றாடப் பழக்கங்களைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காரியம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் என்று கணித்தார்கள். ஆளுக்கு ஆள் அது 18லிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. அதனால் ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் தொடருங்கள், அவ்வளவுதான்.

சரி, அதே வார்த்தைகள் வருவது? "எல்லாவற்றுக்காகவும் நன்றி ஆண்டவரே" என்று மொத்தமாகச் சொன்னால் அப்படித்தான் வரும். பைபிளில் சங்கீதம் என்ற துதிப் பாடல்களின் தொகுப்பு இருக்கிறது. அதில் 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்களிலும் ஒரே பல்லவிதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனாலும் அலுக்கவில்லை. காரணம், பல்லவிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு விஷயம் இருக்கிறது: சூரியன், சந்திரன், செங்கடல், சீகோன், ஓக் என்று ராஜாக்களின் பெயர்கூட விடாமல். அத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசிக்கு முந்தின வசனத்தில் சாப்பாட்டுக்கு வந்து நிற்கிறது. அப்படிப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். "நேற்று அந்தப் போன் வந்ததற்கு நன்றி" என்பது ஒரு பக்கத் துதியைவிட மேல்.

எனக்கு இதில் அதிகம் உதவியது, கேட்டதை எழுதிவைப்பது. ஒரு சின்ன நோட்டில் இடது பக்கம் விண்ணப்பம் மட்டும். "மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடியணும்." "தம்பி என்னோடு பேசணும்." சில வாரம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், தம்பி நேற்றுகூடப் பேசினான், வலது பக்கம் காலியாக இருக்கிறது. குஷ்டரோகிகள் பத்துப் பேர் இயேசுவிடம் சத்தம் போட்டு இரக்கம் கேட்டார்கள், பத்துப் பேரும் சுகமானார்கள். திரும்பி வந்து, கேட்டபோது இருந்த அதே சத்தத்தோடு கடவுளை மகிமைப்படுத்தியவன் ஒருவன், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் (லூக்கா 17). மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. உடம்பு சரியானதும் வீட்டு ஞாபகம் வந்திருக்கும். நமக்கும் அதேதான் நடக்கிறது.

நன்றி சொல்ல ஒன்றும் தோன்றாத நாளில் துதி உதவும். நமக்கு என்ன கிடைத்தது என்பதை விட்டுவிட்டு, அவர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் சொல்வது. சொந்தமாக வார்த்தை வராவிட்டால் 145ஆம் சங்கீதத்தை வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் கண் மட்டும்தான் ஓடும்.

அப்புறம், வருகிற வேதனையை மூடிமறைத்துக்கொண்டு துதிக்க வேண்டியதில்லை. 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்துத்தான் இருக்கிறார்கள். இயேசுவைப் பற்றிப் பிரசங்கித்த பவுலும் சீலாவும் அடிபட்டு, சிறையில் கால் தொழுமரத்தில் (காலைப் பூட்டும் மரக்கட்டையில்) மாட்டியிருக்க, நடு ராத்திரியில் பாடினார்கள் என்பது உண்மை. ஆனால் பாடியது அவர்கள், வெளியே நின்று யாரும் அவர்களைப் பாடச் சொல்லவில்லை. இழவு வீட்டில் போய் "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள்" என்று பவுல் எழுதிய வசனத்தைச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அழுகிறவர்களோடு அழுங்கள் என்று ரோமருக்கு எழுதியதும் அதே பவுல்தான்.