இறகில் வேலை எங்கே இருக்கிறது? அம்பு செய்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மரத்தண்டில் சொந்தமாக அம்பு செய்பவர்கள் இறகு பற்றிக் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். இறகுக்குப் பதிலாக பிளாஸ்டிக் தகடு (வேன்) ஒட்டுபவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி: அக்கா, வீட்டில் நாட்டுக்கோழி நிறைய இருக்கு. அந்த இறகு போதுமா?

போதாது தம்பி. கோழி இறகு குட்டை, வளைவு அதிகம், விறைப்பும் இல்லை. வான்கோழியின் சிறகு நுனிப் பக்கத்தில் நீளமாக, விறைப்பாக இருக்கும் இறகுகளைத் தேடுங்கள். கறிக்கு வெட்டும் பண்ணையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும். கூஸ் வாத்தின் இறகும் அருமையானது. இங்கிலாந்தின் நெடுவில் படைகள் அதை நம்பித்தான் இருந்தன. 1417இல் ஐந்தாம் ஹென்றி, ஒவ்வொரு கூஸிடமிருந்தும் ஆறு சிறகு இறகுகளைப் பிடுங்கி அனுப்பச் சொல்லி மாவட்ட அதிகாரிகளுக்கு உத்தரவே போட்டார்.

மதுரையிலிருந்து: மயில் இறகு வைத்தால் பார்க்க அழகாக இருக்குமே?

கண் வைத்த தோகை இறகில் இழைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது, அதனால் காற்றை வாங்காது. மயிலின் சிறகு இறகு அம்புக்கு உதவும். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருவது தோகை இறகுக்கு மட்டும்தான். கழுகு, பருந்து பக்கமும் போகாதீர்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: இடது சிறகு, வலது சிறகு என்று பிரிக்கச் சொல்கிறார்களே, அது உண்மையிலேயே அவசியமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அவசியம். சிறகு இறகு இயல்பிலேயே ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும். ஒரே அம்பில் இரண்டையும் கலந்தால் ஒன்று இந்தப் பக்கம் திருப்பும், இன்னொன்று அந்தப் பக்கம் திருப்பும்.

கண்டுபிடிப்பது சுலபம். நடுத்தண்டில் பள்ளம் ஓடும் பக்கம் அடிப்பக்கம். அது கீழே இருக்கட்டும். நுனி உங்களைவிட்டு விலகியும் தடித்த அடி உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடியுங்கள். அகலமான இழைப்பக்கம் வலப்புறம் இருந்தால் வலது சிறகு, இடப்புறம் இருந்தால் இடது சிறகு. நமக்கு வேண்டியது அந்த அகலப் பக்கம் மட்டும்தான். வலது சிறகு இறகு, எய்பவர் பின்னாலிருந்து பார்க்கும்போது அம்பை வலஞ்சுழியாகச் சுழற்றும். இடது சிறகு இடஞ்சுழி. இரண்டில் எதுவும் தாழ்ந்ததில்லை. நீங்கள் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, கடைக்காரர் என்ன சொன்னாலும்.

கியூடோ என்ற ஜப்பானிய வில்வித்தையில் இதையே ஒரு மரபாக வைத்திருக்கிறார்கள். அம்புகள் சோடியாக வரும். ஒரு திசையில் சுழல்வது ஹயா, எதிர்த்திசையில் சுழல்வது ஒடோயா. முதலில் எய்வது ஹயாவை.

சேலத்திலிருந்து ஒரு தம்பி: ஒட்டிய இறகு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, சீக்கிரம் பிய்ந்தும் போகிறது. பசை சரியில்லையா?

பசையைத் திட்டாதீர்கள். அடியைப் பாருங்கள். எல்லாரும் இறகின் வடிவத்துக்கு மெனக்கெடுகிறார்கள். அம்பு நன்றாகப் பறப்பதும் இறகு நிலைத்திருப்பதும் அடித்தண்டைத் தேய்ப்பதில்தான் இருக்கிறது.

முதலில் புது பிளேடால் நடுத்தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். உள்ளே வெள்ளையாக, தக்கை மாதிரி ஒன்று இருக்கும். பிறகு இரண்டு அலுமினியப் பட்டைகளுக்கு நடுவே இழையை வைத்து, அடித்தண்டு மட்டும் வெளியே தெரியும்படி பைண்டர் கிளிப்பால் இறுக்குங்கள். தட்டையான பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் பட்டையோடு சேர்த்து இழுத்துத் தேயுங்கள். முதலில் கரடான தாள், பிறகு நைசானது. தக்கை முழுக்கப் போய், அடி சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையாக வர வேண்டும். அம்புத் தண்டின் மேல் வைத்தால் கையை எடுத்த பிறகும் இறகு நிமிர்ந்து நிற்கும். தடிமன் ஒரே சீராக இல்லாவிட்டால் எந்தப் பசை போட்டாலும் சாயத்தான் செய்யும். இன்னும் விறைப்பாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அதே தம்பி: சரி, பசை எது?

அம்புத் தண்டை ஸ்பிரிட்டால் துடைத்து, வார்னிஷ் முழுக்கக் காய்ந்த பிறகு ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசையை மெல்லிய கோடாகப் போடுங்கள். மரவேலை வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். மூன்று இறகும் 120 டிகிரி இடைவெளியில் வர, இறகைப் பிடித்து ஒட்டும் சட்டம் (ஜிக்) ஒன்று வாங்கிவிடுவது நல்லது. இறகைத் தண்டின் நேர்க்கோட்டிலிருந்து இரண்டு மூன்று டிகிரி திருப்பி ஒட்டினால் போதும். நாக் (நாணில் மாட்டும் பின்முனை) பக்கம் விரலுக்கு ஒரு அங்குலம் விட்டுவிடுங்கள். இறகின் தடித்த அடி அம்பு முனையை நோக்கித்தான் இருக்க வேண்டும். மாற்றி ஒட்டினால் காற்று இழைகளைப் பிரித்துவிடும்.

சென்னையிலிருந்து ஒரு சார்: எய்யும்போது இறகு இடக்கையைக் கீறுகிறது.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். கையின் மேலேயே அம்பு உரசிப் போகும் வில்லில், இறகின் முன்முனை கூராக நின்றால் நாணின் முழு வேகத்தோடு அது தோலுக்குள் ஏறிவிடும். முன்முனையைச் சரிவாக, தண்டோடு தண்டாக மறையும் அளவுக்குத் தேயுங்கள். அதன்மேல் பட்டு நூலை நெருக்கிச் சுற்றி, ஒரு சொட்டுப் பசை வையுங்கள். சுற்றாத அம்பை அப்படிப்பட்ட வில்லில் நான் எய்வதில்லை.

நூல் சுற்றுவது பழைய வித்தை. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான, ஓட்சி என்று பெயர் வைக்கப்பட்ட மனித உடலோடு இருந்த அம்புறையில் 14 அம்புகள் இருந்தன. முழுதாக முடிந்தவை இரண்டே. அவற்றில் மூன்று மூன்று இறகுகளை பிர்ச் மரக் கீலால் ஒட்டி, நூலாலும் கட்டியிருந்தார்கள்.

திருச்சியிலிருந்து: வடிவம் எப்படி வெட்டுவது? பின்முனை கூராக நிற்கும் ஷீல்டு நல்லதா, வளைந்து இறங்கும் பாராபோலிக் நல்லதா?

கண்ணுக்குப் பிடித்தது நல்லது. ஷீல்டு கொஞ்சம் இரைச்சல் போடும், அவ்வளவுதான். தகர அச்சு ஒன்று வெட்டி, அதை வைத்துக் கூரான கத்தரியால் நறுக்கலாம். நிறைய அம்பு செய்தால் சூடான நிக்ரோம் கம்பியால் கருக்கலாம். குறைந்த வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது. மொட்டைமாடியில் செய்யுங்கள், முடி கருகும் நாற்றத்தை வீட்டார் மன்னிக்கமாட்டார்கள்.

தஞ்சாவூரிலிருந்து: இறகே இல்லாமல் எய்ய முடியாதா?

முடியும். நியூ கினியில் பல இனத்தவர் இறகில்லாத நீள அம்புகளைத்தான் எய்கிறார்கள். முன்பக்கம் கனமாக இருப்பதும், கிட்டத்திலிருந்து எய்வதும் அதற்கு ஈடுகொடுக்கின்றன. நம் அம்பு நாணை விட்டதும் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போகும். இறகு வாலை இழுத்துப் பிடித்து அந்த நெளிவைச் சீக்கிரம் அடக்குகிறது.

சிங்கப்பூரிலிருந்து: மழையில் நனைந்து இறகு படுத்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். காயவிட்டு, கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில நொடிகள் சுற்றிக் காட்டுங்கள், நிமிர்ந்துவிடும். உடனடிப் பசையில் ஒட்டியதை ரொம்ப நேரம் ஆவியில் வைக்காதீர்கள். பெட்டியில் வைக்கும்போது ஒரு அந்துருண்டை போடுங்கள். ஒருமுறை பூச்சி விழுந்துவிட்டால் மொத்த இறகையும் அரித்துவிடும்.